தகரப்புலியும் மகாராணியும்

பல்செட்காரர் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. அவர் பேச வேண்டியதையெல்லாம் அவருடைய கார் பேசிவிடும். காலை எட்டேகாலுக்கு அது முதல் செருமல் செருமியதும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு ஜன்னலைச் சாத்துவார். இரண்டாவது செருமலுக்கு மாடிவீட்டுக் குழந்தை அழும். மூன்றாவதில் இன்ஜின் பிடித்துக்கொண்டால் தெரு முழுக்க அலமாரிகளில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். "தகரப்புலி கிளம்பிடுச்சு" என்று பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்குவார்கள். கடிகாரம் பார்க்கும் பழக்கமே அந்தத் தெருவில் குறைந்துபோயிருந்தது.

அவர் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களுக்குப் பல் செய்து கொடுப்பவர். ஒரே அறை. மெழுகு உருக்கச் சின்னச் சுடர், பிளாஸ்டர் குழைக்க ரப்பர் கிண்ணம், உலோகம் வார்க்க ஒரு கையகல உலை. சுவர் அலமாரியில் நாற்பது வாய்கள் எப்போதும் சிரித்தபடி இருக்கும். இருபத்தாறு வருடம் அந்தச் சிரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்ததாலோ என்னவோ, தன் பங்குச் சிரிப்பை அவர் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தது போலிருப்பார்.

மற்ற நேரமெல்லாம் கார். வாங்கும்போது அது ஒரு சாதுவான குடும்பக் கார். நாலு கதவு, சாம்பல் நிறம், கோப்புக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்க்கும் குமாஸ்தாவின் முகம். பதினோரு வருடத்தில் அதற்குள் ஒரு சரக்கு வேனின் டர்போ குடியேறியது. புகைக்குழாய் ஏதோ பேருந்திலிருந்து வந்தது. மீட்டர் பலகையை, பல்செட்டுக்கு ஈறு செய்யும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் அவரே வார்த்தார். கியர் குமிழ் ஒரு ராட்சசக் கடைவாய்ப்பல். பல்லின் நிறத்தைக்கூட நிற அட்டையில் ஒப்பிட்டுப் பார்த்து, நாற்பது வயது மனிதருக்கு இயல்பாகப் பொருந்தும் மஞ்சளாகத் தேர்ந்தெடுத்திருந்தார்.

வேகம் கூட வேண்டுமானால் எடை குறைய வேண்டும். முதலில் பின்சீட் போனது. பிறகு கதவுகளின் உள்பஞ்சு, கூரைத் துணி, மாற்றுச் சக்கரம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்பேனரோடு முன்பக்கம் குனிந்திருந்தபோது மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்த சீட்டு எவ்வளவு வெயிட்டுங்க?"

"பதினாலு கிலோ."

"நான் அறுபத்தி மூணு. சீட்டு போனா நானும் போயிடுவேன். மொத்தம் எழுபத்தேழு. நல்ல லாபம்தான்."

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, எழுபத்தேழு" என்றார். அது குத்தல் என்பது அவருக்கு உறைக்க நாலு வருடம் பிடித்தது.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அங்கே தனக்கென்று வைத்திருக்கும் பிரேக்கின் மேல் பாதத்தைத் தயாராக வைத்திருப்பதுதான் உத்தியோகம். ஆயிரக்கணக்கான பேரை அந்தப் பாதம் சுவரிலும் மரத்திலும் மோதாமல் காப்பாற்றியிருக்கிறது. ஊரில் அவளுக்கு ‘பிரேக்கம்மா’ என்று பெயர். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போதுகூட, திரையில் ஒரு வண்டி வேகமாக வந்தால் அவள் வலது பாதம் தரையை அழுத்தும்.

ஆக, கணவனும் மனைவியும் எங்கே போனாலும் இரண்டு வண்டியில் போனார்கள். முன்னால் கூரையில் பெயர்ப்பலகை வைத்த ஸ்கூல் கார், பின்னால் உறுமிக்கொண்டு தகரப்புலி. உறவினர் வீட்டு வாசலில் ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்கும்போது, ஒரே பொருளை விற்க வந்த இரண்டு கம்பெனி ஆட்களைப் போலிருக்கும். "என்ன, சண்டையா?" என்று கேட்பவர்களிடம் அவள், "இல்லைங்க, வெயிட்டு" என்பாள். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

அவள் வேலையில் இருபத்தைந்து வருடம் முடித்த நாளில் ஸ்கூல் முதலாளி ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார். ஸ்கூல் கார்களெல்லாம் லைசென்ஸ் தேர்வுக்குப் போயிருந்தன. கேடயமோ ஜன்னல் கதவு அளவு. பல்செட்காரர் தகரப்புலியோடு வாசலில்தான் நின்றார். ஆனால் அவளை எங்கே உட்காரவைப்பது? சீட் இருந்த இடத்தில் பேட்டரியும் இரண்டாவது பெட்ரோல் பம்பும் உட்கார்ந்திருந்தன. கடைசியில், இரண்டே பாடம் முடித்திருந்த ஒரு வங்கிக் காசாளர், "நான் கொண்டு போய் விடறேன் மேடம்" என்று தன் புதுக்காரில் அவளை ஏற்றிக்கொண்டார்.

பல்செட்காரர் பின்னாலேயே போனார். காசாளரின் ஆமை வேகத்துக்குத் தகரப்புலி மூச்சுத் திணறியது. விட்டு விட்டு இருமியது. முன்காரின் பின்கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று பயத்தில் விறைத்த தலை. இன்னொன்று இடமும் வலமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்கும், அவருக்கு மிகவும் தெரிந்த தலை. அதை இன்னொருவர் பக்கத்தில் அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. வீடு வரும்வரை அவர் வேறெதையும் பார்க்கவில்லை.

மறுநாள் லேபில் ஒரு மேல்தாடையைக் கீழ்த்தாடையாக நினைத்துப் பாதி நாள் செதுக்கினார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்பது அப்போது தெளிவாகிவிட்டது. அந்தத் தலை தன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பேட்டரியையும் பம்பையும் நகர்த்திவிட்டு சீட்டை மறுபடி பொருத்துவது அரை நாள் வேலை. ஆனால் பேட்டரி பின்னால் போனால் எடை பின்னால் போகும், எடை பின்னால் போனால் திருப்பத்தில் வால் ஆடும். அந்த அரை நாள் வேலையைவிட முழுக் காரையும் மாற்றிவிடுவது அவருக்கு எளிதாகப் பட்டது. உலகத்தில் கார் வியாபாரம் நடப்பதே இப்படி யோசிக்கிறவர்களால்தான்.

வழி காட்டியது மைத்துனன். மனைவியின் தம்பி, டயர் கடை வைத்திருந்தான்.

"மாமா, உங்களுக்கு அச்சு அனுப்பற பல் டாக்டர் ஒருத்தர் ரெண்டு வாரமா உங்க புலியைப் பத்தியே கேட்டுட்டிருக்கார்."

"எதுக்கு?"

"அவர்கிட்ட நீலக் கலர்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்குல்ல, பணக்காரங்க வண்டி? அதுல உயிரே இல்லையாம். எல்லாமே பட்டனாம். கியர் போடக் கை அரிக்குதாம். வண்டிக்கு வண்டி மாத்திக்கலாமான்னு கேக்கறார்."

பல்செட்காரர் ஒரு நிமிடம் டயர் அடுக்கையே பார்த்தார். "எத்தனை சீட்டு?"

"முன்னாடி ரெண்டு. பின்னாடியும் ரெண்டு இருக்குன்னு சொல்லிக்குவாங்க. அதுல கைப்பையை வெச்சாலே அதுக்கு முட்டி இடிக்கும்."

"முன்னாடி ரெண்டு இருந்தா சரி, மாப்ளே."

மைத்துனன் அந்தக் காரின் டயர் அளவை ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தான். ஒன்று தேய்ந்தால் நாலையும் மாற்ற வேண்டிய ரகம். அக்காவின் குடும்பத்தில் ஒற்றுமை பெருக வேண்டும் என்று அவன் உண்மையாகவே விரும்பினான்.

டாக்டர் அந்தக் காருக்கு மூன்றாவது சொந்தக்காரர். பன்னிரண்டு வயதான வண்டிதான். ஆனால் நன்றாக உடுத்தத் தெரிந்தவர்களுக்கு வயது தெரியாது. கைமாற்றல் டயர் கடை வாசலில் ஒரு காலை வேளையில் நடந்தது. பல்செட்காரர் தன் வாழ்நாளிலேயே நீளமான பேச்சை அன்றுதான் பேசினார்.

"டாக்டர், முதல்ல இந்தச் சுவிட்சு. போட்டதும் கீச்சுனு ஒரு சத்தம் வரும். அது நிக்கிற வரைக்கும் சாவியைத் தொடாதீங்க. அப்புறம் இது. குளிர் இருந்தா மட்டும். மூணாவது கியர் உடனே விழாது, ஒரு மூச்சு விட்டுட்டுப் போடுங்க. இடது பக்கம் ஒடிச்சுத் திருப்பினா வைப்பர் ஓடும்."

"ஏன்?"

"அது... அப்படித்தான். நேராக்கினா நின்னுடும்."

"மழை பெஞ்சா?"

"இடது பக்கமாவே போங்க டாக்டர்" என்றான் மைத்துனன்.

டாக்டர் பரவசத்தோடு கடைவாய்ப்பல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் பங்குக்கு, கூழாங்கல் போன்ற ஒரு கறுப்புச் சாவியையும் நானூறு பக்கப் புத்தகம் ஒன்றையும் கொடுத்தார். "நீங்க எதுவுமே பண்ண வேண்டாம். எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்" என்றார். புத்தகத்தைப் பல்செட்காரர் புரட்டினார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முடிவு ஒன்றுதான்: ‘தாங்களாகப் பழுதுபார்க்க முயல வேண்டாம். எங்கள் சர்வீஸ் சென்டரை அணுகவும்.’

அன்று மதியம் இரண்டு வீட்டிலும் ஒரே உரையாடல் நடந்தது. டாக்டர் தன் வீட்டில், "அந்த ஆளுக்கு விவரம் பத்தாது" என்றார். மைத்துனன் அக்கா வீட்டில், "அந்த டாக்டருக்கு விவரம் பத்தாது" என்றான்.

தெருவில் இறங்கிய நீல வண்டியைப் பார்த்துப் பிள்ளைகள் ‘மகாராணி’ என்று பெயர் வைத்தார்கள். அது சத்தமே போடவில்லை. முதல் நாள் காலை எட்டேகாலுக்கு அது போனது யாருக்கும் தெரியாமல், நாலு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைத் தவறவிட்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்தார். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கதவோடு கதவாகப் பதிந்திருந்த கைப்பிடி, விரல் பட்டதும் மெல்ல வெளியே நீண்டது.

"இது என்னங்க, கையை நீட்டுது?"

"உன்னைத்தான் கூப்பிடுது."

இருபத்து மூன்று வருடத்தில் அவர் சொன்ன மூன்றாவது நல்ல வார்த்தை அது. அவள் உட்கார்ந்தாள். தோல் சீட் பெருமூச்சு விட்டது. தெருமுனை தாண்டிப் பெரிய சாலை காலியாகக் கிடந்தது. அவர் காலை அழுத்தினார். அதிகம் இல்லை, தகரப்புலியில் அழுத்தும் பழக்கத்துக்குத்தான். தகரப்புலி அந்த அழுத்தத்துக்கு முதலில் இருமும், பிறகு உறுமும், அப்புறம்தான் யோசித்துக் கிளம்பும். மகாராணி எதையும் யோசிக்கவில்லை.

மனைவியின் வலது பாதம் தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது. அங்கே எதுவும் இல்லை. மறுபடி மிதித்தது. இருபத்தைந்து வருடமாக எங்கே போனாலும் அங்கே இருந்த ஒன்று இல்லை.

"நிறுத்துங்க!"

"ஒண்ணும் இல்லம்மா, அறுபதுதான்..."

"நிறுத்தறீங்களா, நான் குதிக்கட்டுமா?"

மருந்துக் கடை முனையில் நிறுத்தினார். அவள் இறங்கி, கதவை ஸ்கூல் கார்க் கதவைச் சாத்துவது போல் சாத்தினாள். ஸ்கூல் கார்க் கதவு ஓங்கி அறைந்தால்தான் மூடும்; ஆயிரம் மாணவர்கள் கை பட்ட கதவு. மகாராணியின் கதவு அப்படி ஒரு மரியாதையை வாழ்க்கையில் பார்த்ததில்லை. உள்ளே எங்கோ ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் நல்ல புடவையோடு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

வீடு வந்து பார்த்தார். அந்தப் பக்கத்துக் கைப்பிடி வெளியே வரவில்லை. உள்ளே மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றியது. இப்போது அவள் மனம் மாறினாலும் கதவு திறக்காது.

சர்வீஸ் சென்டரின் தரை, அறுவை சிகிச்சை அறையின் தரையைவிடச் சுத்தமாக இருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய இளம் ஆலோசகர் கையில் ஒரு பலகைக் கணினியோடு வந்தார். வண்டியின் கதவைக்கூடத் தொடாமல், கணினியைப் பார்த்தே நோயைச் சொன்னார்.

"சார், ஹேண்டில் உள்ள ஒரு சின்ன பல்சக்கரம். அதுல ஒரு பல் போயிருக்கு."

"அந்தச் சக்கரம் ஒண்ணு குடுங்க, நானே மாத்திக்கிறேன்."

"சக்கரம் தனியா வராது சார். கதவாத்தான் வரும். வெளிநாட்டுல இருந்து நாலு மாசம். நிறம் கொஞ்சம் வேறயா இருக்கும், அதனால மத்த கதவையும் மாத்திட்டா நல்லது."

பல்செட்காரர் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஒரு பல் போனதற்காகத் தலையையே மாற்றச் சொன்னால், தன் தொழிலில் நோயாளிகள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

அன்று மாலையே மெழுகு வெட்டும் கத்தியால் கதவின் உள்பலகையைக் கழற்றினார். சக்கரம் சுண்டுவிரல் நகத்தளவு. பக்கத்துப் பல்லை அச்செடுத்து, மெழுகில் செதுக்கி, சூடு தாங்கும் வார்ப்புமாவில் புதைத்து, உலையில் மெழுகை எரித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை வார்த்தார். மறுநாள் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெருகேற்றினார். யாரோ ஒரு பாட்டியின் முன்பல் வரிசை அதற்காக ஒரு நாள் காத்திருந்தது. பொருத்திவிட்டு விரலை வைத்தார். கைப்பிடி சரேலென்று வெளியே வந்தது. புது வண்டியில்கூட இத்தனை துடிப்பாக வந்திருக்காது.

அதுதான் வினையாகிவிட்டது. மெருகு அதிகமாகி, கைப்பிடி தன் வழக்கமான நேரத்தைவிட ஒரு கண்ணிமைப்பு முன்னதாகவே நீண்டது. வண்டியின் மூளைக்கு இது பிடிபடவில்லை. பன்னிரண்டு வயதுக் கைப்பிடி திடீரென்று வாலிபமானால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? திரையில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி எழுந்தது: ‘கதவில் அறிமுகமற்ற பாகம். பாதுகாப்புக் கருதி வேகம் குறைக்கப்படுகிறது.’

சாலையில் எடுத்துப் பார்த்தார். முப்பது வரை போனது. அதற்கு மேல் காலால் மிதித்தாலும் கெஞ்சினாலும் முப்பதுதான். நானூறு குதிரைகளின் சக்தி என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அத்தனை குதிரைகளும் லாயத்தில் படுத்துவிட்டன. ஒரு காய்கறி வண்டி முந்திக்கொண்டு போனது. ஒரு சைக்கிள் முந்தியது. சைக்கிளில் இருந்தவர் போகிற போக்கில் திரும்பி, "ஊர்வலமா சார்? பின்னாடி யாரும் வரலையே" என்றார்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தார். ஆலோசகரின் குரலில் வருத்தமும் திருப்தியும் சமமாக இருந்தன.

"நீங்களே பிரிச்சீங்களா சார்?"

"ஆமா."

"புத்தகத்துல நானூறு தடவை எழுதியிருக்கோமே சார். அந்த வேகத் தடையை எடுத்துவிட ஸ்பெஷலிஸ்ட்டுதான் வரணும். வந்ததும் சொல்றோம்."

இதே நாட்களில் ஊரின் மறுபக்கத்தில் தகரப்புலி புது வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது. டாக்டர் வருவதை நோயாளிகள் மூன்று தெருவுக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள். பல்வலியில் வந்த ஒருவர் அந்தச் சத்தம் கேட்டே வலி போய்விட்டது என்று எழுந்து போய்விட்டாராம். டாக்டரின் நகக்கண்களில் கிரீஸ் ஏறியிருந்தது. அந்த விரலை வாயில் விட நோயாளிகள் யோசித்தார்கள். அவரோ பத்து வயது குறைந்தவர் போல் இருந்தார். வாரத்துக்கு இரண்டு முறை பல்செட்காரருக்கு அவரிடமிருந்து போன் வரும்.

"மூணாவது கியர் விழுந்துடுச்சு! ஒரு மூச்சு விட்டேன், விழுந்துடுச்சு!"

"சந்தோஷம் டாக்டர்."

"உங்க மகாராணி எப்படி ஓடறா?"

"கௌரவமா ஓடறா" என்பார் பல்செட்காரர். பொய் சொல்லவில்லை.

மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மருந்துக் கடை முனைக்குப் பிறகு அவள் மகாராணியின் பக்கமே போகவில்லை. மறுபடியும் இரண்டு வண்டிதான். என்ன, இப்போது பின்னால் வருவது உறுமவில்லை, அவ்வளவே. பக்கத்து சீட்டைத் தினமும் ஒரு துணியால் துடைத்து வைப்பார். யாரும் உட்காராத சீட்டில் தூசி ஏன் இத்தனை படிகிறது என்பது அவருக்குப் புரியவில்லை.

பிறகு ஸ்கூல் காரின் கிளட்ச் எரிந்தது. கற்றுக்கொள்கிறவர்கள் காலை எடுக்கவே மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எரிவதுதான். அன்று பார்த்து அவளுடைய மாணவர்கள் மூன்று பேருக்குத் தேர்வு. தேர்வு மைதானம் ஊருக்கு வெளியே. மணி ஏழரை. அவள் வாசலில் நின்று தெருவின் இரண்டு முனையையும் பார்த்தாள்.

"நான் கொண்டு போய் விடட்டுமா?" என்றார் அவர்.

"வேண்டாங்க. நான் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்."

"முப்பதுக்கு மேல போகாது."

"நீங்க சொல்வீங்க."

"நான் சொல்லலம்மா. வண்டியே சொல்லுது. பாரு." திரையின் மஞ்சள் எழுத்தைக் காட்டினார். தன் வாழ்க்கையின் பெரிய அவமானத்தை ஒரு சான்றிதழ் போல அவர் நீட்டிக் காட்டியது அன்றுதான்.

அவள் குனிந்து இரண்டு முறை படித்தாள். "அப்போ நீங்க நினைச்சாலும் போகாதா?"

"போகாது."

"கோவம் வந்தா?"

"வந்தாலும்."

கைப்பிடி சரேலென்று நீண்டது. அவள் உட்கார்ந்தாள்; பாதத்தைத் தரையில் தயாராக வைத்துக்கொண்டாள்.

மூன்று திருப்பம் வரை அந்தப் பாதம் விழிப்பாக இருந்தது. பெரிய சாலையில் பால் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டியது. பள்ளிப் பேருந்து தாண்டியது. சிக்னலில் எல்லோரையும் மறுபடி பார்த்தார்கள்; அவசரமாகப் போன அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். அவள் அதைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் அதே முகங்கள். நாலாவது சிக்னலில் பால் வேன்காரர் இவர்களைப் பார்த்துத் தலையாட்டவே ஆரம்பித்துவிட்டார்.

பாலம் தாண்டியபோது அவள் செருப்பைக் கழற்றினாள். பிறகு காலை எடுத்து சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள். ஓடுகிற ஒரு வண்டியில் அவள் பாதம் தரையைவிட்டு எழும்பியதை அவர் பார்த்ததே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் கால் கீழே இறங்கிவிடுமோ என்று பேசாமல் ஓட்டினார்.

"நேத்து ஒருத்தங்க வந்தாங்க. ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். ஆயிரம் பிள்ளைங்களை மிரட்டறவங்க. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா அழறாங்க..." என்று ஆரம்பித்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் முடிந்து, முதலாளியின் கஞ்சத்தனம் முடிந்து, தம்பி விற்கப் பார்க்கும் டயரைப் பற்றிப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது பேச்சு நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். தலை சாய்ந்து, வாய் சற்றே திறந்து, தூங்கிப் போயிருந்தாள்.

பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். மைதானம் வந்த பிறகும் அதைச் சுற்றி ஒரு சுற்று அதிகம் போனார். அவள் எழுந்து, வாயைத் துடைத்து, "வந்தாச்சா? இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள். மகாராணியை வேகமான வண்டி என்று ஒருவர் சொன்னது அதுதான் கடைசி.

கிளட்ச் சரியாக நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அவர்தான் கொண்டுபோய் விட்டார். ஐந்தாம் நாள் ஸ்கூல் கார் தயாராக வாசலில் நின்றது. அவள் அதைத் தாண்டி நடந்து வந்து மகாராணியின் பக்கத்தில் நின்று விரலை வைத்தாள். ஸ்கூல் காரை வேறு ஆசிரியர் எடுத்துப் போகட்டும், கிளட்சின் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றாள். எந்தக் கிளட்ச் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, லேபில் அவர் ஒரு கீழ்த்தாடையைப் பிளாஸ்டரிலிருந்து உடைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது.

"சார், சர்வீஸ் சென்டர். ஸ்பெஷலிஸ்ட் வந்துட்டார். அஞ்சு நிமிஷ வேலை. செலவே இல்லை. வண்டி பழையபடி பறக்கும்."

கையில் இருந்த கீழ்த்தாடையை மெல்ல மேசையில் வைத்தார். பதினோரு வருடம் ஒரு நொடியைக் குறைப்பதற்காக சீட்டைக் கழற்றிய மனிதர். இன்று நானூறு குதிரைகளை எழுப்ப ஐந்து நிமிடம் போதும் என்கிறார்கள். அந்தப் பழைய கால் ஷூவுக்குள் அரித்தது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் எழுபதில் அவள் பாதம் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எண்பதில் அவள் எங்கே இறங்குவாள் என்றும் தெரியும். வேகமாகப் போகாமல் இருக்கத் தனக்குக் கட்டுப்பாடு உண்டா என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தார். இல்லை. தன்னை நம்பி எந்தப் பாதமும் மேலே ஏறாது. அது வண்டியை நம்பித்தான் ஏறியிருக்கிறது.

கிளம்பிப் போனார். மறுத்துச் சொல்வதையும் நேரில் போய்ச் சொல்லிப் பழகியவர். ஆலோசகர் வெள்ளைத் தரையில் ஒரு மாதிரி நெளிந்துகொண்டு நின்றார்.

"சார், ஒரு சின்ன விஷயம். நேத்து மேடம் வந்திருந்தாங்க."

"எந்த மேடம்?"

"உங்க வீட்டு மேடம் சார். பின்னாடி ரோட்லதான் வண்டி கத்துக்கொடுக்கறாங்களாம். மூணு பேரோட உள்ள வந்தாங்க. ஸ்பெஷலிஸ்ட் எப்ப வரார்னு கேட்டாங்க. வந்துட்டார்னு சொன்னோம். தொட வேணாம்னுட்டாங்க. ‘அவர் கேட்டா இன்னும் வரலைன்னு சொல்லிடுங்க’ன்னாங்க. நான் மறந்து போய் உங்களுக்குப் போன் பண்ணிட்டேன் சார். வண்டி உங்க பேர்ல இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போடணும். என்ன பண்ணட்டும்?"

பல்செட்காரர் குனிந்து தரையைப் பார்த்தார். தரையில் அவர் முகம் தெரிந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது, அலமாரியில் இருப்பவை போல் இல்லை, கோணலாக.

"பார்ட்ஸ் வரலைன்னு எழுதுங்க."

"இதுக்குப் பார்ட்ஸே கிடையாது சார். சாஃப்ட்வேர்."

"அப்போ சாஃப்ட்வேர் வரலைன்னு எழுதுங்க."

"அது எங்கேயும் போகலையே சார், வர்றதுக்கு!"

"எழுதுங்க தம்பி, நான் கையெழுத்துப் போடறேன்."

ஆலோசகர் எழுதினார். பல்செட்காரர் போட்ட கையெழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

சாயங்காலம் மனைவியை மைதான வாசலில் ஏற்றிக்கொண்டார். அவள் செருப்பைக் கழற்றி, காலை மடித்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, வேறு யாருக்கோ நடந்ததை விசாரிப்பது போல் கேட்டாள்.

"சர்வீஸ்ல இருந்து ஏதாவது சொன்னாங்களா?"

"கேட்டேன். இன்னும் வரலையாம்."

"எது?"

"சாஃப்ட்வேர்."

"எப்ப வருமாம்?"

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் போதாது. "கப்பல்ல வருதாம்" என்றார்.

அவள் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. பத்தாயிரம் பேர் தப்பாகக் கியர் போட்டதைப் பார்த்துக்கொண்டே அமைதியாக இருந்து பழகிய முகம்.

"கப்பல்லையா. அப்போ மெதுவாத்தான் வரும்."

"மெதுவாத்தான் வரும்."

பின்னால் யாரோ பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்கள். அவள் தம்பியின் டயர் கதையை, அன்று தூங்கிப்போன இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.